ஈரம் காயாத களம்

சின்னகுட்டப்பள்ளிப் பள்ளிக்கூடத்தின் கரும்பலகையில் எழுதுவதெல்லாம் ஊரைச் சுற்றியிருந்த களப்பாறைகளிலும் எழுந்து நின்றது பிளேக் வந்த வருஷத்தில்தான். முதலில் அது தெரிந்த அன்று பக்கத்து ஊரான பேரிகையில் சந்தை. புளி விலை இறங்கிவிட்டது என்று சந்தைக்குப் போனவர்கள் சொன்னார்கள்; பாறையில் தேதி எழுதியிருக்கிறது என்று மாடு ஓட்டிப் போனவர்கள் சொன்னார்கள். இரண்டையும் ஊர் ஒரே மாதிரி கேட்டுக்கொண்டது. புளி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டது.

கார்த்திகையில் எலி செத்து விழுந்திருந்தது. எலி விழுந்தால் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே அவரவர் கொல்லைக்காட்டில் ஓலைக் கொட்டாய் போட்டுக் குடியேறுவது அந்தப் பக்கத்து வழக்கம். சுகாதார இலாகாக்காரர்கள் வந்து வீட்டுக்கு வீடு மருந்துப்பொடி தூவி, எல்லோருக்கும் ஊசி குத்தி, பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய பூட்டொன்றைத் தொங்கவிட்டுப் போனார்கள். மறு உத்தரவு வரும்வரை பிள்ளைகள் ஓரிடத்தில் கூடக்கூடாது. மறு உத்தரவு என்றைக்கு வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ருக்மணி டீச்சர் காவேரிப்பட்டினத்துக்காரி. பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் ஊர் எல்லைப் புளியமரத்தடியில் எல்லோரையும் கூப்பிட்டாள். ஒருவருக்கொருவர் கிணற்றில் இறைக்கும் கமலைக் கயிறு நீளம் தள்ளி நின்றபடி கூட்டம் நடந்தது. கொட்டாய் கொட்டாயாகப் போய்ப் பாடம் சொல்கிறேன் என்றாள். நோயும் கூடவே நடந்து வரும் என்றார்கள். கணக்கைப் பலகையில் எழுதிச் சுற்றுக்கு விடுகிறேன் என்றாள். ஒருத்தன் தொட்ட பலகையை இன்னொருத்தன் தொடுவதா என்றார்கள். பிள்ளைகள் ஒரு வருஷம் மாடு மேய்த்தால் குடி முழுகிவிடாது என்றார் கூட்டத்தில் ஒருவர். அவர் பிள்ளைகள் பிளேக்குக்கு முன்னாலும் மாடுதான் மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பாறையில் தேதி தெரிந்தது. ஜன்னல்களைச் சாத்தப் போன டீச்சர், கைப்பழக்கத்தில் அடுத்த நாள் தேதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அதே தேதி, அதே சாய்ந்த கையெழுத்து, ஒவ்வொரு கொல்லையிலும் கதிரடிக்கும் தட்டைப் பாறையின்மேல் கிடந்தது. டீச்சர் அதைக் குனிந்து பார்த்தாள். அப்படியானால் நான் உள்ளே போய்விடுகிறேன் என்றாள். உள்ளே போகிறவள் உத்தரவு நீங்கும்வரை வெளியே வரக்கூடாது என்று ஊர் சொன்னது. சரி என்று டிரங்குப் பெட்டியையும் ஒரு பை சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பின்கதவு வழியாகப் போனாள். பின்கதவுக்குப் பூட்டு கிடையாது. அது இலாகாவுக்கு மட்டும்தான் தெரியாது. அவளுக்கான சோற்றை எல்லைக்கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவார்கள். ஊருக்குள்ளிருந்து காகிதமோ துணியோ பறந்து வந்தால் தொடாமல் கொளுத்திவிடுவார்கள். ஆக, உள்ளே இருப்பவள் வெளியே பேச பாறை ஒன்றுதான் வழி.

காலையில் சின்ன வகுப்புகள், வெயில் தாழ்ந்தபின் பெரிய வகுப்புகள் என்று டீச்சர் திட்டம் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் கரித்துண்டால் பாறையில் விடை எழுதினால் அது கரும்பலகைக்குப் போகும். சற்று நேரத்தில் பக்கத்திலேயே சரிக்குறி விழும். ஒருவன் எழுதிய விடை எல்லாப் பாறையிலும் தெரிந்ததால், காப்பியடிக்க இவ்வளவு தோதான பள்ளிக்கூடம் சேலம் ஜில்லாவில் வேறு இருந்திருக்காது. பெரியவர்கள் அந்தச் சரிக்குறியைத்தான் பார்ப்பார்கள். அது விழுந்தால் டீச்சர் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அடுப்பு மூட்டும் முன்னால் அதைப் பார்த்துவிட்டு வருவது எல்லாக் கொட்டாய்களிலும் பழக்கமாகிப் போனது.

எல்லோரையும்விட நாராயணம்மாதான் அதை அதிகம் பார்த்தாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. புருஷன் மாதப்பன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். அவளுக்கு நிலக்காரர் சென்னகிருஷ்ணனின் கொல்லையில் கூலி வேலை. அவர் நிலத்தின் ஓரத்திலேயே கொட்டாய். மகள் முனிலட்சுமி அந்த ஊரில் எட்டாவது படித்த ஒரே பிள்ளை. சித்திரையில் அரசாங்கப் பரீட்சை. தேறினால் கிருஷ்ணகிரியில் டீச்சர் ட்ரெயினிங். தேறாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அரிவாள். இதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. 

பங்குனிக் கடைசியில் கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்த கேழ்வரகு அறுப்புக்கு வந்தது. களத்தை மெழுகச் சொன்னார் சென்னகிருஷ்ணன். வருஷாவருஷம் அவருடைய களப்பாறையைச் சாணி கரைத்து மெழுகுகிறவள் நாராயணம்மாதான். பாறையில் பாடம் நடக்குதுங்களே ஐயா என்று இழுத்துப் பார்த்தாள். பாடம் ஒரு வாரம் பொறுக்கும், கதிர் பொறுக்காது என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் மெழுகினாள். அவள் கை இந்தப் பாறையில் போகப் போக, அத்தனை களப்பாறைகளிலும் சாணி ஏறிக்கொண்டே வந்தது. எழுத்து வருகிற வழியில் சாணி மட்டும் வராதா என்ன. மற்றக் கொட்டாய்க்காரர்கள் வேலை மிச்சம் என்று அன்றைக்கே கதிரைக் கொண்டுவந்து பரப்பிவிட்டார்கள். சென்னகிருஷ்ணனின் கதிர் மட்டும் அறுத்துக் களத்துக்கு வர இன்னும் மூன்று நாள் ஆனது. பாடம் நின்றது. சரிக்குறி நின்றது. முனிலட்சுமியை அவருடைய தூரத்துக் கொல்லைக்கு அறுப்புக்கு அனுப்பினார்கள். விடியுமுன் போய் இருட்டியபின் வந்தாள், களத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மெழுகிய களத்தில் ஓரிடம் கிளறிக் கிடந்தது. கோழி என்று நினைத்து நாராயணம்மா அதன்மேல் சாணியை இழுத்து மூடினாள். அடுத்த நாளும் அதே இடம். களத்தைக்கூடக் காப்பாற்றத் தெரியவில்லையா என்று ஏச்சு வாங்கினாள். அன்று சாயங்காலம் கோழிகளை ஒன்று விடாமல் பிடித்துக் கூடையால் கவிழ்த்து மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். விடிந்து பார்த்தால் கோழிகள் கூடைக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. களம் கிளறிக் கிடந்தது. சாணியை அள்ளிக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றாள். ஒரு சுழி, பக்கத்தில் நேராக ஒரு கோடு, அப்புறம் ஒரு கொக்கி. நேற்று இழுத்து மூடியதும் இதுதான், முந்தாநாள் மூடியதும் இதுதான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உள்ளங்கைக்கு அது தெரிந்திருந்தது. உள்ளேயிருந்து டீச்சர் சாணியைச் சுரண்டிச் சுரண்டி ஏதோ சொல்கிறாள். அதை நாள் தவறாமல் அழித்தது தன் கைதான். அள்ளிய சாணியைச் சட்டியிலேயே திரும்பப் போட்டாள்.

அதற்குள் கதிர் ஏற்றிய வண்டி வந்துவிட்டது. சென்னகிருஷ்ணன் முன்னால் நடந்து வந்தார்.

"ஏம்மா, இன்னுமா மெழுகல? மேக்கால மேகம் கட்டுது பாரு."

"இது கோழி கிளறனது இல்லீங்க ஐயா. எழுத்துங்க. என்னான்னு கொஞ்சம் பாருங்க."

சென்னகிருஷ்ணன் படித்தவர்தான். ஆனால் அவர் அப்பா அவருக்குப் போதித்தது தெலுங்கு எழுத்து. தமிழைப் பேசுவார், திட்டுவார், படித்ததில்லை. களத்தை ஒருமுறை சுற்றி வந்து, அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார்.

"எழுத்துதான்," என்றார். "என்னா எழுத்துன்னுதான் தெரியல. உம்பொண்ணக் கூப்பிடு."

கதிர் வண்டிக்குப் பின்னாலிருந்து முனிலட்சுமி அரிவாளோடு ஓடி வந்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இன்னிக்கி என்ன கெழம?"

"புதன்," என்றார் சென்னகிருஷ்ணன்.

"புதன்கிழமை பரீட்சை, பாறையைக் காலியா வைன்னு எழுதியிருக்குது."

பரீட்சை அதிகாரிகள் பிளேக் ஊர்ப் பிள்ளையை மண்டபத்துக்குள் விட மறுத்திருந்தார்கள். பாறையில் எழுதக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லாததால் பாறையிலேயே எழுதட்டும் என்று முடிவாகி, டீச்சருக்கு ஜன்னல் வழியாகச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒருவர் பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று கரும்பலகையைப் பார்ப்பார். எல்லாப் பாடத்துக்கும் ஒரே நாள். அந்த ஊரில் இரண்டாவது நாள் நிற்க அவர் தயாராக இல்லை. இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கிழமைதான். மற்றப் பாறைகளிலெல்லாம் கதிர் பரப்பிக் கிடந்தது. இருந்தது இந்த ஒரு களம்.

"நானு ஒண்ணும் ராட்சசன் இல்ல," என்றார் சென்னகிருஷ்ணன். "மழை புடிச்சா கேவுரு அத்தனையும் மொளச்சிப்பூடும். களம் காஞ்ச உடனே கதிரடிக்க எருதுல கல்குண்டு கட்டியாகணும். களத்த மெழுகிக் குடு. முடியாதுன்னா கொட்டாயப் பிரிச்சிக்கினு கெளம்பு."

நாராயணம்மா மேகத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "மெழுகறேங்க ஐயா," என்றாள். முனிலட்சுமி தன் அம்மாவைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

சாணியைத் தண்ணீராய்க் கரைத்து, டீச்சரின் எழுத்தின்மேல் ஊற்றி, முதுகு வளையப் பின்னோக்கி நகர்ந்து, களம் முழுவதையும் மெல்லிசாக, ஒரே சீராக மெழுகினாள். ஈசானிய மூலையில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகினாள். பிள்ளையார் வைத்த களத்தில் ஈரம் காயும்வரை, மெழுகுகிறவளைத் தவிர யார் காலும் படக்கூடாது. எஜமானனானாலும் சரி, எருதானாலும் சரி. அதைக் கண்டிப்பாகப் பார்ப்பவரே சென்னகிருஷ்ணன்தான். ஈரக்களத்தில் கால் வைத்த சொந்த மச்சினனை அவர் சாப்பாடு போடாமல் அனுப்பிய கதை பேரிகைவரை பிரசித்தம். நாராயணம்மா கையைக் கழுவிவிட்டு, புளி உலுக்கும் நீளக் கொக்கியை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"ஓரத்துல நின்னுக்கினு எழுது. காயறதுக்குள்ள எழுது. காஞ்சா நான் திரும்பியும் மெழுகுவேன்."

முனிலட்சுமி அம்மாவை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ஈரச்சாணியில் கொக்கியால் தன் பெயரை எழுதினாள்.  வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பெயருக்குக் கீழே சாணி மெதுவாகப் பிளந்து ஒரு சரிக்குறி விழுந்தது. டீச்சர் இருக்கிறாள். அதன் பின்னாலேயே முதல் கேள்வி, நகத்தால் கீறினாற்போல் வரிவரியாக வந்தது.

தமிழ் முடிந்து கணக்கு வந்தது. களம் நிறைந்ததும் நாராயணம்மா சாணிச்சட்டியோடு இறங்கினாள். சித்திரை வெயில் ஒரு பக்கம் காயவைத்துக்கொண்டே வந்தது. அவள் மறுபக்கம் நனைத்துக்கொண்டே போனாள். சென்னகிருஷ்ணன் அடிக்கடி எழுந்து வந்து ஓரத்தில் விரலால் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஈரமா இருக்குதுங்க ஐயா," என்பாள் அவள். அவர் தொட்ட விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்புவார். கோபம் அவருக்குக் கழுத்துவரை இருந்தது. ஆனால் பிள்ளையாரைத் தாண்ட அவருக்குத் தைரியம் இல்லை. நடுவில் பக்கத்துக் கொல்லை சம்பங்கி, எங்கள் கதிருக்கு அடியிலிருந்து சாணி ஊறிக்கொண்டே வருகிறதே, எவள் பார்க்கிற வேலை இது என்று கத்திக்கொண்டு வந்தாள். களத்தில் சரித்திர விடையில் மொகலாயர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேகம் மேற்கிலிருந்து தலைக்கு மேல் வந்து நின்றது.  சரித்திரம் முடிந்து பூகோளத்துக்குக் களத்தை மெழுக நாராயணம்மா சட்டியில் கை விட்டபோது சட்டி காலி. தொழுவத்திலும் இல்லை, எல்லாம் காலையிலிருந்து இந்தக் களத்தில்தான் போயிருந்தது. அவள் வெறுங்கையோடு நின்றாள். களம் காய்ந்து வெளுத்துக்கொண்டு வந்தது.

சென்னகிருஷ்ணன் களத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அப்புறம் வண்டிக்குப் பின்னால் போய், தன் எருதுகள் போட்டிருந்ததை இரண்டு கையாலும் அள்ளி வந்து சட்டியில் போட்டார். வாழ்நாளில் அவர் சாணி தொட்டதை அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"பூகோளந்தானே பாக்கி? சீக்கிரம் முடிக்கச் சொல்லு," என்றார்.

தென்பெண்ணை எங்கே பிறந்து எங்கே போகிறது என்று முனிலட்சுமி கடைசி வரியை எழுதி முடிக்கவும், களத்தின் குறுக்கே ஓர் ஆள் நீளத்துக்குப் பெரிய சரிக்குறி ஒன்று விழவும், மழை அடித்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூக்கில் கைக்குட்டை கட்டி நின்ற இன்ஸ்பெக்டர், விடைகள் மாணவியின் கையெழுத்தில்தான் இருந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கரும்பலகை ஏன் இப்படி நாறுகிறது என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. சென்னகிருஷ்ணன் வீட்டில் அந்த வருஷம் முளைவிட்ட கேழ்வரகில்தான் களி கிண்டினார்கள். ஆடி மாதம்வரை அவர் நாராயணம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொட்டாயையும் பிரிக்கச் சொல்லவில்லை.

ஆனியில் உத்தரவு நீங்கி டீச்சர் நகக்கண் எல்லாம் பச்சையாக வெளியே வந்தாள். முனிலட்சுமி தேறியிருந்தாள். கிருஷ்ணகிரியில் ட்ரெயினிங் முடித்தாள். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவள் வேலையில் சேர்ந்த அன்று காலை நாராயணம்மா சாணிச்சட்டியோடு களத்தில் இறங்கியபோது பாறையின் நடுவில் வெள்ளையாக ஒரு வரி கிடந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. குனிந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். யார் கை என்று தெரிந்தது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றி மெழுகினாள்.

கதிர் வண்டியோடு வந்த சென்னகிருஷ்ணன், நடுவில் ஏன் விட்டிருக்கிறாய் என்று கேட்டார்.

"வேப்பனப்பள்ளில பள்ளிக்கூடம் நடக்குதுங்க ஐயா," என்றாள்.

அவர் வண்டியைக் களத்தின் அந்த ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார்.