மணிக்கு அறுபத்திரண்டு

தாட்சாயிணி வெள்ளைப் பலகையில் 62 என்று எழுதி, அடியில் அழுத்தமாக ஒரு கோடும் போட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் செட் தயாரிக்கும் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். யாரிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது என்று புது மேனேஜர் கார்த்திகேசன் வந்த நாளிலிருந்து ஓதிக்கொண்டிருந்தார். அதில் தப்பில்லை. அந்த எண் எப்படி வந்தது என்பதுதான் சங்கதி.

போன மாதம், ஒருவரால் மணிக்கு எத்தனை செட் முடியும் என்று அவர் கேட்டார். நாற்பத்தைந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பத்து வருஷம் மெஷினில் உட்கார்ந்த கர்வம் யாரை விட்டது? தானே செய்து காட்டுகிறேன் என்று உட்கார்ந்தாள். ஒயர்க் கட்டுகள் பின்னால் ரேக்கில் இருக்கும். பத்து செட்டுக்கு ஒருமுறை எழுந்து போய் எடுத்து, நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு அவள் எழுந்திருக்கவே இல்லை. கையைப் பின்னால் நீட்டினால் போதும், பிரித்த ஒயர் வந்து விழும். கொடுத்தவள் பக்கத்து மெஷின் ராஜம்மா. வேப்பம்பட்டிலிருந்து தன்னோடு ஒரே ரயிலில் வருகிற தோழி, மேனேஜர் முன்னால் அசிங்கப்படக் கூடாதென்று தன் வேலையைப் போட்டுவிட்டு நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து வந்த மேனேஜர் அறுபத்திரண்டு என்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கை தட்டினார். தாட்சாயிணியும் சிரித்து வைத்தாள்.

மறுநாளே தாள் வந்தது. மூன்று வாரத்துக்குள் ஒரு மணி நேரமாவது அறுபத்திரண்டைத் தொடாதவர்களுக்கு வேலை இல்லை. இளம் கைகள் எப்படியோ முட்டி மோதித் தொட்டுவிட்டன. ராஜம்மாவின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டவில்லை. இந்த வயதில் வேறு கம்பெனி எடுக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

"தாச்சு, அது ரெண்டு பேர் செஞ்ச வேலன்னு சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். வேற இன்னா கேக்கறேன் நானு?" என்றாள் ரயிலில்.

தாட்சாயிணி போகத்தான் செய்தாள். வாயைத் திறப்பதற்குள் மேனேஜர், பூந்தமல்லி கிளைக்கும் அவள் காட்டிய கணக்கையே வைக்கப்போவதாகவும், அங்கே அவளைப் பெரிய பொறுப்பில் போடச் சொல்லி எழுதியிருப்பதாகவும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சார் ஒத்துக்கொள்ளவில்லை என்று ராஜம்மாவிடம் கூசாமல் சொன்னாள்.

"வுடு தாச்சு. எனக்கோசரம் போய் கேட்டியே, அது போதும்."

கடைசி நாள், கடைசி மணி. ராஜம்மாவின் விரல்கள் என்றைக்கும் இல்லாத வேகத்தில் ஓடின. ஐம்பத்தெட்டு முடிந்தபோது நாலே நிமிஷம் மிச்சம். ஒயர் தீர்ந்திருந்தது. எழுந்து போய்ப் பிரித்துவர நேரமில்லை. ரேக்கை ஒட்டி தாட்சாயிணி நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜம்மா திரும்பிப் பார்க்காமலேயே கையைப் பின்னால் நீட்டினாள்.

தாட்சாயிணி நோட்டைத் திறந்து, 58 என்று எழுதினாள். நீட்டிய கை, விரல்கள் விரிந்தபடி, அப்படியே இருந்தது.