பெயர் வெட்டிய டம்ளர்

2019 தொடக்கத்தில் அரசு பிளாஸ்டிக் கப்புகளைத் தடை செய்தபோது, நெய்வேலி டவுன்ஷிப்பில் அதற்காக வருத்தப்பட்டவர் சுரங்கத்து ஃபோர்மேன் பெரியண்ணன் ஒருவராகத்தான் இருப்பார். குடித்துவிட்டுத் தூக்கி எறியும் கப்பில் அவர் ஒரு மரியாதையைக் கண்டிருந்தார். அவருடைய அப்பா முனியன் ஊரில் பண்ணை வேலை செய்தவர். அவருக்கென்று ஒரு தனி டம்ளர் பண்ணை வீட்டு மாட்டுக்கொட்டகையில் செருகியிருக்கும். பிளாஸ்டிக் வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே கப். யார் வாய் வைத்தது என்ற பேச்சே இல்லை. அந்தக் கப்புகள் பிறகு சாக்கடையை அடைத்ததையும், மாடுகள் அவற்றை மென்று திரிந்ததையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மஹ்மூதா ஒரு ஏற்பாடு செய்தாள். வீட்டுக்குப் பத்து எவர்சில்வர் டம்ளர், வெட்டிய பெயர் அப்படியே இருக்க, பொதுப் பெட்டியில் போட வேண்டும். விசேஷம் வைக்கிறவர்கள் எடுத்துப் போய், கழுவித் திருப்பித் தர வேண்டும். ஏழு விசேஷம் நடந்தும் குப்பையில் ஒரு கப்கூட விழவில்லை என்று அவள் சொன்னாள். பெரியண்ணன் அசையவில்லை.

"நம்ம பேரைப் பாத்துட்டு ஒருத்தன் குடிக்காம கீழ வச்சான்னா, அசிங்கம் யாருக்கு?" என்று மனைவி சந்திரகலாவைக் கேட்டார்.

அவர் ஷிப்டுக்குப் போனதும் அவள் பத்து டம்ளரைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். அவரிடம் சொல்லவில்லை.

உடன் வேலை பார்த்த அய்யாசாமியின் பணி ஓய்வு விழாவுக்கு, ஷிப்ட் முடிந்ததும் பெரியண்ணன் போனார். எதிர் வரிசையில் அய்யாசாமியின் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அப்பா வேலை செய்த பண்ணை வீட்டுக்காரர் அவர். பொதுப் பெட்டி டம்ளர்களில் காப்பி வந்தது. சம்பந்தி டம்ளரைத் திருப்பிப் பார்த்து, "மு. பெரியண்ணன்" என்று வாய்விட்டுப் படித்தார்.

"யாருங்க இவரு?"

பந்தலில் பேச்சு ஓயவில்லை. பெரியண்ணன் காதில்தான் எதுவும் விழவில்லை. எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நான்தாங்க. முனியன் மவன். உங்க வூட்டு நெலத்துல ஏர் ஓட்டிகினு இருந்தாரே, அவரு மவன்."

சம்பந்தி நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் என்றால் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு சமாளித்துவிடலாம். ஆவி பறக்கிற காப்பியை அப்படிக் குடிக்க முடியாது. வாய் வைக்க வேண்டும், அல்லது கீழே வைக்க வேண்டும்.

"ஒக்காருங்க" என்றார் சம்பந்தி. வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தார். சர்க்கரை தூக்கல் என்று அய்யாசாமியிடம் குறைபட்டுக்கொண்டே மிச்சத்தையும் குடித்தார்.

டம்ளர் காலியாகும்வரை பெரியண்ணன் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்தவர், ஏன் கொடுத்தாய் என்று சந்திரகலாவைக் கேட்கவில்லை. பரணில் இன்னும் எத்தனை டம்ளர் இருக்கிறது என்று கேட்டார். பதினெட்டு என்றாள்.

"எல்லாத்தையும் பெட்டியில போட்டுடு. அதுக்கு முன்னாடி பாத்திரக் கடையில குடுத்து, அப்பா பேரை முழுசா வெட்டச் சொல்லு."