ஆஸ்டர்லிட்ஸில் ஈட்டி இல்லை

நான்கு வருஷத்தில் முதல் தடவையாக லியோனார்ட் சண்டையில் ஜெயித்தான். அவன் போட்ட சத்தத்தில் மனைவி அகத்தா அகப்பையும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்து, என்ன ஆச்சு என்று புருஷனைக் கேட்டாள். பிங்பாங் மேசையில் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்கள். அவற்றில் ஜூலியஸின் பிரெஞ்சுப் படை மட்டும் குப்புறக் கிடந்தது. லியோனார்ட் பரஞ்சோதியின் தோளில் கைபோட்டு, எல்லாம் இவன் போட்ட பட்டியல் என்று சிரித்தான். அந்தக் கை யார் தோளில் கிடக்கிறது என்று பார்த்த ஜூலியஸுக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஜூலியஸ் பெடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆள் கணக்கு எழுதுகிறவன். லியோனார்டுக்குப் பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சுங்கை பட்டாணியில் அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். 1805இல் ஆஸ்டர்லிட்ஸில் நெப்போலியன் ரஷ்யர்களை முறியடித்த சண்டையைத்தான் இருவரும் பகடை உருட்டி ஆடுவார்கள். எந்தப் பக்கம் எந்தப் படை, எத்தனை என்ற பட்டியல் ஜூலியஸுடையது. விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கிறவனுக்கு, வராதவனை வந்ததாகப் போடக் கை வராது. சரித்திரத்தில் இருந்தது இருக்கும், இல்லாதது இருக்காது. விளைவு, மத்தியானச் சோற்றுக்குள் லியோனார்டின் ரஷ்யர்கள் தோற்றுவிடுவார்கள். அவனும் முகம் சுளிக்காமல் சாப்பிட உட்காருவான். இதைவிட நல்ல ஞாயிற்றுக்கிழமை யாருக்கு வேண்டும்?

பரஞ்சோதிக்கு வேண்டியிருந்தது. அவன் யான் என்ற ஊரில் நெல் ஆலை மெக்கானிக். அகத்தாவின் தையல் மிஷினைப் பழுது பார்க்க வந்தவன், மேசையைப் பார்த்துவிட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டான். நல்ல படைக்குக் கூடுதல் புள்ளி, சோப்ளாங்கிப் படைக்குக் குறைச்சல், இரண்டு பக்கமும் மொத்தப் புள்ளி சமம் என்று புதுப் பட்டியல் போட்டான். "தோக்கப் போறோம்னு தெரிஞ்சுகிட்டே எதுக்குண்ணே பகடை உருட்டணும்?" என்று கேட்டான். அதில் நியாயம் இருந்தது. ஜூலியஸுக்குப் பொறுக்காததும் அதுதான்.

லியோனார்ட் ஜெயித்ததற்கு அடுத்த வாரம் பரஞ்சோதி தானும் பிரெஞ்சுப் பக்கம் ஒரு படை இறக்கப்போவதாகச் சொன்னான். போலந்துக்காரர்களின் ஈட்டிக் குதிரைப்படை. என்ன கலர் அடிக்கலாம் என்று ஜூலியஸைத்தான் கேட்டான். கருநீல உடுப்பு, நெஞ்சில் கருஞ்சிவப்பு என்று ஜூலியஸ் பிசகாமல் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை. பரஞ்சோதி கண்ணைக் கெடுத்துக்கொண்டு பெயின்ட் அடித்த இரண்டு மாதமும் ஜூலியஸுக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

படை தயாரான ஞாயிற்றுக்கிழமை பரஞ்சோதி பிஸ்கட் டின்னைத் திறந்து, பஞ்சில் சுற்றிய குதிரைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். லியோனார்ட் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாய் திறந்து பார்த்தான். மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு மீசைகூட இருக்கிறதே என்றாள் அகத்தா. ஜூலியஸ் அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

"தம்பி, இந்தப் படையே 1807லதான் ஆரம்பிச்சது. ஈட்டி கொடுத்தது அதுக்கும் அப்புறம். ஆஸ்டர்லிட்ஸ்ல கிடையாது."

பரஞ்சோதி காலி டின்னை மேசை ஓரமாக நகர்த்தினான்.

"கலர் கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

"நீ கலர்தானே கேட்ட."

பரஞ்சோதி லியோனார்டைப் பார்த்தான். ஒருநாள் விட்டுவிடலாம் என்று லியோனார்ட் சொல்லியிருக்கலாம். அவனோ புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, அப்படித்தான் போட்டிருக்கிறது என்றான். சூட்டோடு சூடாக ஜூலியஸ் புள்ளிக் கணக்கையும் பிடித்துக்கொண்டான். சரித்திரம் என்று வந்தபின் அதற்கு மட்டும் என்ன சலுகை, பழைய பட்டியலுக்கே போய்விடலாம் என்றான். பரஞ்சோதி குதிரைகளை மறுபடி பஞ்சில் சுற்றினான். ஈட்டி வளையாமல் வைக்க ரொம்ப நேரம் ஆனது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று அகத்தா எவ்வளவோ சொல்லியும் அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டான்.

மறு ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஆலையில் ஓவர்டைம் என்று சொல்லி அனுப்பியிருந்தான். ஜூலியஸ் பழைய பட்டியல்படி இரண்டு படைகளையும் அடுக்கினான். மேசையும் ஞாயிறும் லியோனார்டும் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் மெல்லப் பாடக்கூடச் செய்தான். முதல் பகடை அவனுடையது. நான்கு விழ, பிரெஞ்சுப் படை குன்றின் மேல் ஏறியது. பகடையை லியோனார்டிடம் நீட்டினான்.

லியோனார்ட் வாங்கவில்லை. நாளிதழை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"எனக்கும் சேத்து நீயே உருட்டிடு லா. யார் ஜெயிப்பான்னு தெரிஞ்சதுதானே. நான் கொஞ்சம் படுக்கறேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஜூலியஸ் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அறைக்குள் மின்விசிறி சுழலத் தொடங்கியது. ஜூலியஸ் மேசையைச் சுற்றிப் போய், லியோனார்ட் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்று பகடையை உருட்டினான். ஆறு விழுந்தது.

"லியோ, ஆறு" என்றான் உள்ளே பார்த்து.

ரஷ்யக் குதிரைகளை ஒவ்வொன்றாக, விதிப்படி அளந்து முன்னால் நகர்த்தினான். பிறகு மறுபடி சுற்றி வந்து தன் பக்கத்தில் நின்று பகடையைக் கையில் எடுத்தான்.