ஆறணும்னுதானே சொன்னேன்

வார்ப்பிரும்புக்கு உணர்ச்சி கிடையாது என்பதை உலகத்தில் முதன்முதலாக நிரூபித்தவன் நான். கல்லூரிக் கருத்தரங்கில், பதினாறு ஸ்லைடுகளில், நாற்பது நிமிடம். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. தூங்குகிறவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள் என்றான் என் அறைத்தோழன். அவன் சிவில்.

ஆகவே விடுமுறைக்கு வந்த இடத்தில், எங்கள் பட்டறை லேத்தின் டெயில்ஸ்டாக் வியாழக்கிழமை விரிசல் விட்டபோது, நான் அதைத் துக்க நிகழ்ச்சியாகக் கருதவில்லை. டெயில்ஸ்டாக் என்பது லேத்தின் ஒரு கோடியில் உட்கார்ந்து, கடைகிற கம்பியின் மறுமுனையைத் தாங்கிப் பிடிக்கும் வார்ப்பு. அதை இறுக்க ஒரு கைப்பிடி உண்டு. அக்கா டீ குடிக்கப் போன நேரத்தில் நான் அந்தக் கைப்பிடியில் நாலடி பைப்பைச் சொருகி முறுக்கினேன். நெம்புகோல் தத்துவம் மிகச் சரியாக வேலை செய்தது. அடிப்பாகத்தில் விரல் நீளத்துக்கு விரிசல்.

அக்கா ஓடி வந்தாள். பைப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சுவர் காலண்டரைப் பார்த்தேன். அதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"யாரு வேலை இது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

அப்பாவின் கோபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கரண்ட்டைத் திட்டுவார், அடுத்து நகராட்சியை, கடைசியில் நாங்கள் பிறந்ததை. அன்று மூன்றையும் முடித்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ஸ்பேர் கிடையாது. செஞ்ச கம்பெனியே மூடியாச்சு. ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரனை வரச் சொல்றேன், லேத்தை முழுசாத் தூக்கிட்டுப் போகட்டும். நீ பெரியப்பா கடையில போய் பில் போடு. ஏசி இருக்கு."

ஒன்பது வருடமாக அந்த லேத்தில் நிற்பவள் அக்கா. தெருவில் எவனுடைய மோட்டாரில் புஷ் தேய்ந்தாலும் 'அந்த அக்காகிட்ட குடு' என்பார்கள். அவளை ஏசியில் உட்கார வைப்பதும் ஜெயிலில் உட்கார வைப்பதும் ஒன்று.

"நான் ஒடைச்சேன், நானே ஒட்டுறேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள லேத்தை ஓட்டிக் காட்டுறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை நாலு சாத்து சாத்தியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். இப்படித் தியாகம் செய்துவிட்டால் எதிரில் நிற்பவன் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வெள்ளிக்கிழமை காலை அவள் டெயில்ஸ்டாக்கைத் தனியாகக் கழற்றி ஆரம்பித்தாள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தேய்த்தாள். வெள்ளையில் விரிசல் தானாகக் கறுப்பாக எழுந்தது. அதன் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டாள், விரிசல் அதைத் தாண்டி ஓடாமல் இருக்க. கிரைண்டரால் பள்ளம் தோண்டி, வார்ப்பு முழுவதையும் கேஸ் டார்ச்சால் நிதானமாகச் சூடேற்றினாள். நிக்கல் ராடால் ஓர் அங்குலம் வெல்டிங்; உடனே சின்னச் சுத்தியலால் டொக், டொக், டொக். மறுபடி ஓர் அங்குலம். மறுபடி டொக், டொக்.

"தட்டிக் குடுக்கிறியா? தாலாட்டும் பாடிடு" என்றேன்.

அவள் ராடை அடுத்த அங்குலத்துக்கு நகர்த்தினாள்.

வெல்டிங் முடிந்ததும் அதைச் சாம்பல் நிரப்பிய டிரம்மில் புதைத்தாள். மேலே பழைய கம்பளியைப் போர்த்தி ஓரங்களைச் சொருகினாள். ஜன்னலைச் சாத்தினாள். ஃபேன் பிளக்கைப் பிடுங்கினாள். டிரம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உதட்டில் விரல் வைத்தாள்.

"குழந்தை தூங்குதா?"

"மறுபடி விரிசல் விட்டுச்சுன்னா டிங்னு கேக்கும். காது குடுத்துட்டிருக்கேன், வாயை மூடு."

பிற்பகல் மூன்று மணிக்கு டிரம் பக்கத்திலிருந்து எழுந்தாள். வெல்டிங் வெளிச்சத்தில் கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. "ஆறணும். நாளைக்குக் காலையில எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கத்து வீட்டுக்குள் படுக்கப் போனாள்.

நாளைக் காலை வரைக்குமா? உணர்ச்சியற்ற ஒரு பொருளுக்கு இவ்வளவு உபசாரமா? இன்றைக்கே ஆறினால் இன்றைக்கே மாட்டலாம், அப்பா வாயை மூடுவார், என் கடனும் தீரும். கம்பளியை உருவினேன். வார்ப்பை இடுக்கியால் எடுத்து ஃபேனுக்கு முன்னால் வைத்து, பிளக்கைச் சொருகி மூன்றாம் வேகத்தில் போட்டேன்.

பத்தாவது நிமிடம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ ஸ்பூனைத் தவறவிட்டது போல, டிங்.

வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புது விரிசல். தலைமுடி கனம்; பழையதை விட நீளம்.

திரும்பினால் வாசலில் அக்கா.

"ஆறணும்னுதானே சொன்னேன்?"

"அதைத்தான்க்கா செஞ்சேன். ஆத்தினேன்."

"ஆத்தினியா? டீயாடா அது, ஆத்துறதுக்கு? ஆறணும்னா அது ஆறும்டா, அதுவா ஆறும்! நீ யாரு ஆத்துறதுக்கு? தன்வினை எது, பிறவினை எதுன்னு தெரியாத ஜென்மத்துக்கெல்லாம் எதுக்குடா இன்ஜினியரிங்?"

கையுறையை எறிந்தாள், என் முகத்தில் பட்டது. சுத்தியலை எறிந்தாள், ஃபேனில் பட்டது. எதற்குக் குறி வைத்தாள் என்று இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சத்தம் கேட்டு அப்பா வந்தார். "இப்ப என்ன?"

அக்கா வாயைத் திறந்தாள். இன்னொரு 'நான்தான்' வந்தால் என்னால் தாங்க முடியாது.

"நான்தாம்பா. வியாழக்கிழமையும் நான்தான், பைப் போட்டு முறுக்கினேன். இப்பவும் நான்தான்."

அப்பா கரண்ட்டையும் நகராட்சியையும் தாண்டி நேராக என் பிறப்புக்கு வந்தார். மூச்சு வாங்கியபோது அக்கா பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா பொய் சொன்னே? தம்பி மேல பாசமா?"

"பாசமா? இவன் மேலயா?" அக்கா என்னைக் கரப்பான்பூச்சியைப் போலப் பார்த்தாள். "நான் ஒடைச்சேன்னாதான் நானே ஒட்டுறேன்னு கேக்க முடியும். இவன் ஒடைச்சான்னு சொன்னா அப்பவே அந்த இரும்புக்காரனுக்குப் போன் போட்டிருப்பீங்க. என் லேத்துக்காகச் சொன்னேன்."

ஒரு நாள் முழுக்க நான் சுமந்த தியாகம் எனக்கானதே இல்லை. கையுறையை விட அது பலமாக விழுந்தது.

"யாரு ஒடைச்சா என்ன? ஞாயிறு ஞாயிறுதான்" என்று அப்பா போய்விட்டார்.

சனிக்கிழமை முழுக்க அக்கா தன் வெல்டிங்கைத் தானே தோண்டி எடுத்தாள். ஞாயிறு விடிந்ததும் மறுபடி துளை, சூடு, ராடு, டொக், டொக், சாம்பல், கம்பளி. நான் சாம்பலைச் சலித்தேன், டார்ச்சைப் பிடித்தேன். என்னோடு பேச்சு இல்லை. எல்லாவற்றையும் டிரம்மிடம்தான் சொன்னாள்.

"யாராவது உன்னைத் தொட்டா கையை ஒடைச்சுடுவேன்னு சொல்லு" என்று டிரம்முக்குக் கட்டளையிட்டுவிட்டு, கண்ணில் ஈரத்துணியோடு உள்ளே போனாள்.

பதினோரு மணிக்கு வாசலில் இரும்புக்காரனின் மூன்று சக்கர வண்டி. அப்பாவின் குரல் அதற்கு முன்னால் வந்தது. "எங்கடா அந்தப் பீஸு? எடு வெளியே! மெஷினோட சேந்து போகட்டும்!"

"மெதுவாப்பா."

"என்னது?"

"மெதுவாப் பேசுங்க. டிங்னு கேக்குதான்னு பாத்துட்டிருக்கேன்."

அப்பா அறைய வந்த மாதிரிதான் இருந்தது. அதற்குள் இரும்புக்காரன் டிரம்மில் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தான். "அய்யோ, கொதிக்குது சார். இதை எப்படி வண்டியில வைக்கிறது? நாளைக்கு வரேன்." டீக்கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

"எவ்வளவு நேரம்டா?" என்றார் அப்பா.

"ஆறணும்."

"அதான் எவ்வளவு நேரம்?"

"அதுவா ஆறுற வரைக்கும்."

அப்பா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவதை நிறுத்தவில்லை; சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். கரண்ட், நகராட்சி, நான் என்று எல்லாம் கிசுகிசுப்பாக வந்துகொண்டிருந்தது.

ஜன்னலிலிருந்து காற்று வந்தது. எழுந்து சாத்தினேன். கம்பளியின் ஓர் ஓரம் விலகியிருந்தது. அதை இழுத்துவிட்டு, டிரம்முக்கும் சாம்பலுக்கும் இடையில் சொருகி, மேலே இரண்டு தட்டுத் தட்டினேன்.