ஐந்தாம் எண் ஜெர்சி

டெவின் கோவல் தன் இடத்தில் தொங்கிய ஜெர்சியை இரண்டு தடவை பார்த்தான். முதுகில் 5. யாரோ இடம் மாற்றித் தொங்கவிட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தான்.

ஐஸ் ஹாக்கி கிளப்பின் பயிற்சி முகாமுக்கு வரும் புதுப் பையன்களுக்கு அறுபதுக்கு மேல்தான் எண் கிடைக்கும். பத்து நாள் ஓடவிட்டு, வந்த வழியே ஜூனியர் அணிக்கு அனுப்பப்போகிறவனுக்கு நல்ல எண் எதற்கு? சின்ன எண் என்றால் ஆள் நிரந்தரம். இதை யாரும் எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் முகாம் நடந்த கனடாவின் ஹாமில்டனில் கூடியிருந்த அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

டெவின், கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத டிராஃப்டில் ஐந்தாவது சுற்றில், நூற்று நாற்பத்தோராவது ஆளாக எடுக்கப்பட்டவன். அவன் பெயரை அறிவித்தபோது அவன் அப்பா டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார், அந்த லட்சணம்தான்.

"அண்ணே, இது தப்பா மாட்டியிருக்கு" என்றான், சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ராண்டாலிடம்.

"தப்பா மாட்ட நான் என்ன குடிச்சிட்டா வந்திருக்கேன்? மேல சொன்னாங்க, மாட்டினேன். போட்டுக்கிட்டு ஓடு." ராண்டால் அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேட் தீட்டப் போய்விட்டார்.

பக்கத்தில் கியூபெக்கிலிருந்து வந்த லுடோவிக் தன் எண்பத்து மூன்றாம் எண்ணை மாட்டிக்கொண்டிருந்தான். "டேய், உங்க மாமா யாராச்சும் கிளப்பையே வாங்கிட்டாரா?"

"எங்க மாமா பன்னி வளர்க்கிறாருடா."

"அப்ப நல்ல கறியா அனுப்பியிருக்காரு."

டெவின் சிரித்துக்கொண்டே அந்த 5-ஐ மறுபடி பார்த்தான். ஐந்தாம் எண் ஒன்பது வருடமாகக் கிளப்பின் மூத்த ஆட்டக்காரர் ஸ்டென்பர்க் போட்ட எண். ஒப்பந்தம் படியவில்லை என்று அவர் முகாமுக்கு வராமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"இது கூடவா புரியல உனக்கு? அந்தாளக் கழட்டி விட்டாச்சு. அவரு இடத்துல நீ" என்றான் லுடோவிக்.

அப்படித்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே அனுபவசாலிகளோடு ஜோடி சேர்ப்பார்களா? அவன் குனிந்தால் படம், நிமிர்ந்தால் படம் என்று கிளப்பின் புகைப்படக்காரர் பின்னாலேயே சறுக்கினார். ஆனால் பயிற்சியாளர் மட்டும் அவனிடம் வாயே திறக்கவில்லை. மற்றவர்களைக் கிழித்துத் தொங்கப்போட்டவர், டெவின் பக் என்கிற ரப்பர் வட்டைக் கோட்டைவிட்டபோதும் சும்மா நின்றார். கணுக்காலைக் கொடுத்து ஒரு அடியைத் தடுத்தபோதும் சும்மாதான் நின்றார். திட்டாதது நல்லதா கெட்டதா என்று அவனுக்கு விளங்கவில்லை. வீங்கிய காலோடு உட்கார்ந்து, திட்டமாட்டாரா என்று ஏங்கினான்.

வியாழக்கிழமை மதியம், அவன் ஜூனியர் அணி இருக்கும் சஸ்காட்சவானிலிருந்து மார்லீன் கூப்பிட்டார். ஜூனியர் அணியில் ஆடுகிற வெளியூர்ப் பையன்களைச் சொந்தப் பிள்ளை மாதிரி வீட்டில் வைத்துக்கொள்ளும் ஊர்க்காரர்களில் ஒருவர். மூன்று சீசனாக டெவின் அவர் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான்.

"டெவின், இங்க டீம்ல கேக்கிறாங்கப்பா. புதுசா ஒரு கோல்கீப்பர் பையன் வர்றானாம், பதினாறு வயசு. உன் ரூமைக் குடுக்கலாமான்னு. நீ வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு, எவன் வந்தாலும் வாசல்லயே நிறுத்திடறேன்."

"தெரியல மார்லீன். யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"அதான் அஞ்சாம் நம்பர் போட்டிருக்கியே! கிளப் நெட்ல போட்ட படத்தை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கேன். அப்புறம் என்னடா?"

அவன் ஜெர்சியைப் பார்த்தான். "அப்ப... குடுத்திடுங்க" என்றான். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

சனிக்கிழமை காலை உதவி மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். "அருமையா ஆடினே. உன் மேல ஒரு குறையும் இல்ல. ஜூனியர்ல இன்னும் ஒரு வருஷம் ஆடிட்டு வா. சாயங்காலம் சஸ்காட்சவானுக்குத் திரும்ப ஃபிளைட், ரெஜைனா வரைக்கும்."

"குறை இல்லன்னா ஏன் சார் அனுப்பறீங்க?"

"அதான் சொன்னேனே, அருமையா ஆடினே."

வெளியே வந்தான். பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே ஸ்டென்பர்க் வந்துகொண்டிருந்தார். டெவினைக் கண்டதும் நின்று வாய்விட்டுச் சிரித்தார்.

"நீதானா அது! உன் படத்தைப் பாத்ததுலேர்ந்து என் பொண்டாட்டி மூணு நாளா என்னை அரிச்செடுத்துட்டா. நம்பரே போயிடுச்சு, இன்னும் என்ன வீராப்புன்னு. நேத்துக் கையெழுத்துப் போட்டுட்டேன்." அவன் தோளில் அன்பாகத்தான் தட்டினார். "நல்ல பையன்டா நீ. நல்லா இரு."

டெவின் ஜெர்சியைக் கொண்டுபோய் ராண்டாலிடம் கொடுத்தான்.

"அண்ணே, புதுப் பசங்க இருபத்தாறு பேர் இருந்தோம். இந்த நம்பருக்கு என்னை ஏன் எடுத்தாங்க? என் ஆட்டத்துல எதையாச்சும் பாத்தாங்களா?"

ராண்டால் இந்தத் தடவையும் நிமிரவில்லை. ஜெர்சியை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டென்பர்க்கோட ஜெர்சி யாருக்குத் தொளதொளன்னு இல்லாம நிக்கும்னு கேட்டாங்க. உன் அளவுதான் சரியா இருந்துச்சு."

"அருமையா ஆடினேன்னு சொன்னாரே, அது?"

"நான் ஆட்டம் பாக்கறதில்லப்பா. ஸ்கேட் தீட்டறேன்."

விமான நிலையத்தில் உட்கார்ந்து மார்லீனுக்கு போன் போட்டான். விஷயத்தைச் சொன்னான்.

"அய்யோ, டெவின். அந்தப் பையன் நேத்தே வந்துட்டான். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டிட்டான். பேஸ்மென்ட்ல சோபா இருக்கு, அதை விரிச்சுப் போடறேன். வா. சூடா உருளைக்கிழங்கு பெரோகிக் கொழுக்கட்டை செஞ்சு வைக்கிறேன்."

"சரி."

"மனசு விட்டுடாத. வந்து பாரு, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் உன் படம்தான் ஃபிரிட்ஜ்ல. எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா?"

"அதை எடுத்திடுங்க, மார்லீன்."

"ஏன்டா? உன் படம்தானே?"

அது தன் படமா, ஸ்டென்பர்க்கின் ஜெர்சிக்கு எடுத்த படமா என்று டெவினுக்கு நிஜமாகவே தெரியவில்லை.