அக்கா மகன் வருவதற்குள்

ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் எண்ணெய் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் திருகாமல் சும்மா வைத்துப் பார்த்தாள் மெரயோனி. உள்ளே தேய்ந்துபோன டீசல் வண்டியாக இருந்தால் மூடி குதித்துக் கீழே விழுந்திருக்கும். இது லேசாக நடுங்கியதோடு சரி. நாலரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிக்கப் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கக்கூடாதே! அடியில் படுத்துச் சாவியால் சட்டத்தைச் சுரண்டினாள். கடல் தண்ணீர் தின்ற இடம் ஒன்றுகூட இல்லை. தவெயுனித் தீவில் இதற்குப் பதினோராயிரம் டாலர் தாராளமாகக் கிடைக்கும். வண்டியின் சொந்தக்காரன் அபெனிசா ஒன்பதுக்குத் தருகிறான். ஏன் தருகிறான்?

அவளுக்கு வண்டி இன்றே வேண்டும். போன மாதம் வாடகை வண்டிக்காரன் வராமல், மூட்டை கட்டிய சேப்பங்கிழங்கு மலைமேலேயே அழுகிப்போனது. இருப்பதெல்லாம் இந்த ஒன்பதாயிரம்தான். அதையும் ஓட்டை வண்டியில் கொட்டினால் அடுத்த நடவுக்குக் கையில் ஒன்றும் இருக்காது.

"வாங்குறதுன்னா இப்பவே வாங்கிரு தங்கச்சி," என்றான் அபெனிசா, துறைமுகச் சாலையைப் பார்த்தபடி.

"எதுல கோளாறு அண்ணே? கியர்லயா?"

"கோளாறு வண்டியில இல்ல. கப்பல்ல வருது," என்று சிரித்தாள் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி செரயானா. "இவரு அக்கா மகன் கலியோவா."

மெரயோனிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் தீவு வழக்கப்படி அக்கா மகன் ஆசைப்பட்டுக் கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்ல முடியாது. போன முறை படகு இன்ஜினும் கொழுத்த பன்றியும் போயின. அவளுக்குப் பயம் போய்ப் பேராசை வந்துவிட்டது.

"ஏழுன்னா எடுத்துக்கறேன்."

"அடிப்பாவி, ஏழா?"

"கப்பல் சங்கு ஊதிருச்சு போலருக்கே அண்ணே."

அபெனிசா பெருமூச்சு விட்டுத் தலையாட்டப் போனான். அதற்குள் வேலியருகே "மாமா" என்று குரல் கேட்டது. கலியோவா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக வந்து வண்டியின் முன்மூடியைத் தடவினான்.

"நல்லா இருக்கே மாமா."

அபெனிசா பதறிப்போய் மெரயோனியைப் பார்த்தான்.

"நான் வாங்கிட்டேன் தம்பி," என்றாள் மெரயோனி அவசரமாக.

"எவ்வளவுக்கு?"

ஏழு என்று சொன்னால் போச்சு. தன்னிடமிருந்து ஒளிக்கத்தான் மாமா அள்ளிக் கொடுக்கிறார் என்று பிடித்துக்கொள்வான். எவரும் நம்புகிற விலையாகச் சொல்ல வேண்டும்.

"பதினொண்ணு."

கலியோவா கையை எடுத்தான். "சரியான விலைதான்."

"பின்னே?" என்றான் அபெனிசா. போன உயிர் அவனுக்குத் திரும்பியிருந்தது. "இப்ப ஒன்பது. மீதி ரெண்டு கிழங்கு வித்ததும். அப்படித்தானே பேசினோம் தங்கச்சி?"

சாட்சிக்கு அக்கா மகன் நிற்கிறான். என்ன சொல்வாள்? "ஆமா அண்ணே," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். மேட்டில் வண்டி இரண்டாம் கியரில் இருமாமல் ஏறியது. பதினொன்று நியாயமான விலைதான். அதுதான் அவளுக்கு ஆத்திரமே. ஆத்திரத்தோடு சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். கலியோவா நிதானமாக முற்றத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தான். செரயானா மரவள்ளித் தட்டோடு எழுந்துபோய், புது ஐஸ் பெட்டியின் மேல் வசதியாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.