சனிக்கிழமை வந்த கடிதம்

நியூ கினியா காடுகளில் ஜப்பான்காரனோடு சண்டை போடப் போன என் தம்பி ஹெர்ஷல், வாரம் தவறாமல் கடிதம் போடுவான். பிறகு இரண்டு மாதமாக ஒன்றுமே இல்லை. சீண்டக்கூட ஆளில்லாமல் எங்கள் கார்ல்டன் வீடு வெறிச்சென்று கிடந்தது. கடைசியில் வந்ததுதான் வந்தது, சனிக்கிழமை காலையில் வந்து தொலைத்தது. சனிக்கிழமை யூதரான எங்களுக்கு ஓய்வுநாள்; விளக்குப் போட மாட்டோம், உறையைக் கிழிக்கவும் மாட்டோம். அந்தியில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் நாள் முடியும்.

போதாக்குறைக்கு, முகவரி அவன் கையெழுத்தில் இல்லை.

"என் புள்ள எழுத்து இல்லடி பெர்ல் இது. அவனுக்கு என்னவோ ஆயிடுச்சு," என்றாள் அம்மா.

ஜெப ஆலயத்திலிருந்து வந்த அப்பா உறையைத் தொடவேயில்லை. "தந்தி வரலையே? அப்ப உயிரோடதான் இருக்கான். சாயங்காலம் பிரிச்சுக்கலாம்."

"நெஞ்சுல கல்லையா வச்சிருக்கீங்க?"

தட்டிலிருந்த சாப்பாட்டையும் அப்பா தொடவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஐரிஷ்காரி மிசஸ் கியோ கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தாள். வேற்று மதத்தவரிடம் உறையைப் பிரித்துத் தரச் சொல்லி வாய்விட்டுக் கேட்கத்தான் கூடாது, ஜாடை காட்டலாம் என்பது அம்மாவின் சட்டம்.

"பாருங்க, பாவம், காலையிலேருந்து மூடியே கிடக்கு இந்த லெட்டர்."

"அடடே, பையன் போட்டதா? படிச்சுட்டு எனக்கும் சொல்லுங்க!" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பொழுது சாய்ந்ததும் அப்பா கொல்லையில் போய் நின்றார். நானும் போனேன். ஒரே மேகம். புகைபோக்கிக்கு மேலே ஒன்று தெரிந்தது, வெகுநேரம் கழித்து இன்னொன்று. சமையலறை வாசலில் அம்மா உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதோ, மூணாவது," என்று கையை நீட்டினார். அங்கே வெறும் மேகம். ஆயுசில் ஒரு நிமிஷம்கூட முந்தி விளக்குப் போடாத மனுஷர். "தெரியுதா பெர்ல்?"

"தெரியுதுப்பா," என்றேன்.

விளக்கைப் போட்டு, உறையைக் கிழித்து, உரக்கப் படித்தேன். வலது கையில் காயமாம், கட்டுப் போட்டிருக்கிறார்களாம். அவன் சொல்லச் சொல்ல நண்பன் எழுதுகிறானாம். விரல் அஞ்சும் பத்திரம், அம்மா அழக் கூடாது. அம்மா ஓவென்று அழுதாள்.

கடைசியில் இப்படி இருந்தது: "இங்க மரம் மூடிக்கிட்டு வானமே தெரியலப்பா. ஓய்வுநாள் எப்ப முடியுதுன்னே புரியல. வீட்டு நெனப்பாவே இருக்கு. நட்சத்திரத்தை எனக்கும் சேத்து நீங்களே எண்ணிடுங்க. நீங்க எண்ணினா தப்பே வராது."

அப்பா எழுந்து மறுபடி கொல்லைக்குப் போனார்.

"உள்ள வாங்களேன், குளிர்ல விறைச்சுப் போயிடுவீங்க," என்று அம்மா கூப்பிட்டாள்.

"இரு," என்றார் அப்பா, அண்ணாந்த தலையை இறக்காமல். "புள்ளைக்கு இன்னும் ஒண்ணு பாக்கியிருக்கு."